நீங்கள் கடித்துவிட்டுப் போன ரொட்டி

மர்கிலான்,
பருத்தி எடுப்பு முடிந்த வாரம்.

நஃபோசத்தின் அப்பாவுக்கு,

சலாம். நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் உங்கள் மகள் ஒட்டுக்கேட்கிறாள். அதனால் நீங்கள் வேலை பார்க்கும் சமாராவுக்கு வண்டி ஓட்டும் எர்காஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவளுடைய வயிற்றுவலியும் பேதியும் நீங்கள் அறிந்ததுதான். பெர்கானா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தார்கள். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டுக்கு எதிரான ஒன்று அவள் ரத்தத்தில் அதிகமாம். அதற்குமேல் டாக்டரம்மா சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் புளித்த மாவைக் கொட்டினேன், தந்தூர் அடுப்பை மூடினேன். பக்கத்து வீட்டு ஹுரினிசோ எட்டிப் பார்த்து, "என்னக்கா, அடுப்புக்கும் நோன்பா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புறப்பட்ட அன்று நீங்கள் ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டியையும் ஆணியிலிருந்து இறக்கி ஹுரினிசோவிடம் கொடுத்துவைத்தேன். வெறும் ஆணியைப் பார்த்ததும் நஃபோசத் வெளிறிப்போனாள். "அப்பாவுக்கு என்னாச்சு? இனி வரவே மாட்டாரா? எங்கிட்ட எதை மறைக்கிற?" என்று ஒரே அழுகை. புத்தி கெட்டவள் நான். திரும்பி வந்து மீதியைத் தின்ன வேண்டியவருடைய ரொட்டியை, அவர் வருமுன் யாராவது இறக்குவார்களா?

மறுபடி போனபோது டாக்டர் தில்ஃபூசா சிரித்துவிட்டார். "ரொட்டி மேல ஏம்மா பழி போடறீங்க? ரத்தத்துல தெரிஞ்சது நோய்க்குக் காரணமில்ல, ஒரு அடையாளம். மெத்துன்னு இருந்தா சாப்பிடட்டும்" என்றார். குடலில் புண் வைக்கும் நோய் இரண்டு உண்டாம்; இது கிரோன் என்பதாக இருக்கலாம் என்று ரத்தம் காட்டுகிறதாம். ஆனால் ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, கேமராக் குழாய் விட்டுப் பார்த்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் குடல் சுருங்கிவிடலாம் என்றார்.

உங்கள் மகளோ, "அப்பா வந்தாத்தான் அந்தக் குழாய்க்குப் படுப்பேன்" என்கிறாள். பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் போனில் சொல்ல முடியவில்லை.

இன்று தந்தூரைத் திறந்தேன். சூடாக ஒரு துண்டு தின்றாள், வயிற்றில் தங்கியது. உங்கள் ரொட்டி மறுபடி ஆணியில் தொங்குகிறது, கல்லாகக் காய்ந்துவிட்டது. பரவாயில்லை, டீயில் நனைத்துத் தருகிறேன். இறைவன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எர்காஷ் திரும்பும் வண்டியிலேயே ஏறிவிடுங்கள்.

முகத்தஸ்