உன் அம்மா கையிலிருக்கும் ரத்தக்கட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். உன் அம்மா ரத்தத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நன்றாக இருக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருந்தால் எங்களுக்கு அது போதும். எனக்குத் தெரியக்கூடாது என்று நீ அம்மாவிடம் தனியாகப் போனில் கேட்டது எனக்குத் தெரிந்துவிட்டது. "அப்பா உன்னை அடிக்கிறாராம்மா?" என்று கேட்டாயாம், சித்திதான் உனக்கு அப்படிச் சொன்னாளாம். உன் சித்தி இங்கே வந்தாள், நான் போட்ட காபியைக் குடித்தாள், அக்கா கையில் நீலமாய்க் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை, படி இறங்குவதற்குள் உனக்குப் போன் போட்டிருக்கிறாள். கரப்பான்பூச்சி வந்தால் துடைப்பத்தை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு நாற்காலிமேல் ஏறி நிற்கிறவன் நான், அது உனக்கே தெரியும், தெரிந்தும் கேட்டாய். எனக்கு வலித்தது, அதை மறைக்க மாட்டேன். அதனால் உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அம்மா என்னிடம் வாங்கிய சத்தியத்தை மீறி எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பிடுங்கப் போன இடத்தில் பல் டாக்டர் எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை என்றார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் பதினெட்டாயிரம் என்று வந்தது. பரிசோதனைக் கூடத்துக்காரன் தன் மெஷின்தான் கெட்டுவிட்டது என்று மறுபடி குத்தினான், மறுபடியும் அதே. பல் டாக்டர் நாற்காலியிலிருந்து அவளை எழுப்பி வாசல்வரை கொண்டுவந்து விட்டார், அவ்வளவு மரியாதை. அந்தப் பல் இன்னும் அவள் வாயில்தான் இருக்கிறது. பிறகு ரத்த டாக்டர். உடம்பில் கிருமியைத் தாக்க ஒரு படை இருக்கிறதாம், அதற்குச் சொந்த ஆள் யார், எதிரி யார் என்று அடையாளம் தெரியாமல் போய், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டையே தேடித் தேடி அழிக்கிறதாம். ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாது என்ற ஒரு சொல்லைக் கேட்க அந்த வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். சொந்தக்காரர்களையே பிடித்துக் கடிக்கிற குணம் உன் சித்தி பக்கத்து ரத்தம் என்று நான் சொன்னேன், உன் அம்மா சிரித்தாள், ஈறில் ரத்தம் கசிந்தது, அதோடு அந்தப் பேச்சை விட்டேன். உயிருக்கு இப்போது பயமில்லை என்கிறார், ஆனால் முழுசாய்ப் போகிற வியாதியும் இல்லையாம், கூடவே வைத்துக்கொண்டு வாழவேண்டியதுதான். மாத்திரையில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கூடவே முகமும் வீங்கியிருக்கிறது. கூடையை மாட்டினால் முழங்கையில் நீலம், கட்டில் முனை பட்டால் தொடையில் நீலம். உனக்குச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாயாம். வெளியில் சொன்னால் ரத்தத்தில் கோளாறு என்றதும் ஒட்டுவாரொட்டி என்று நினைத்து அவள் வேலை பார்க்கிற கடையில் கல்லாவில் உட்கார விடமாட்டார்களாம். அதனால் முழுக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டாள். வீங்கின முகம், இந்த வெயிலில் முழுக்கை, கேட்க வேண்டுமா, நம் கட்டடத்தில் இருக்கிற அத்தனை மேதாவிகளும் கூடித் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

நான் படி ஏறினால் பேச்சு நிற்கிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளர், அந்த ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, "கோபம் எல்லாருக்கும் வரும் சார், நாமதான் அடக்கிக்கணும்" என்று புத்தி சொன்னார். இதே மனிதர்தான், கீழ் வீட்டு எலெக்ட்ரீஷியன் பெண்டாட்டியை அடிக்கிற சத்தம் தாங்காமல் ஒரு நாள் நான் போய் அவன் கதவைத் தட்டியபோது, "அடுத்தவங்க குடும்ப விஷயம், நமக்கெதுக்கு" என்று என் கையைப் பிடித்து இழுத்தவர். அவன் அடிக்கும்போது இந்த வீடுகளிலெல்லாம் டிவி சத்தம் ஏறும், நானே கேட்டிருக்கிறேன். வருஷக்கணக்காய்க் காது கேட்காதவர்களுக்கு இப்போது என் விஷயத்தில் மட்டும் கண் நன்றாகத் தெரிகிறது. டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் வேறு ஆசிரியர் வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த எலெக்ட்ரீஷியன் என்னைச் சேர்த்துக்கொண்டான் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கூப்பிடாமலே வந்து நம் வீட்டு அழைப்பு மணியைச் சரிசெய்தான், காசு வேண்டாம் என்றான், தோளில் கைபோட்டு, "அமைதியான ஆளுன்னு நினைச்சேன், நீங்களும் நம்ம ஆளுதான் சார்" என்றான். அவன் போனதும் மணியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

அன்றைக்கே படிக்கட்டில் நின்று உண்மையை உரக்கச் சொல்லிவிடப் போகிறேன் என்று கிளம்பினேன். உன் அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். விஷயம் என்னவென்றால் அவன் பெண்டாட்டி சில நாள் முன்னாலேயே ஒரு மத்தியானம் மேலே வந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நிமிர்ந்து பார்க்காத பெண், உள்ளே வந்து, தன் சட்டைக் கையை மேலே தள்ளி உன் அம்மா கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து, "உங்களுக்குமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். எனக்கு வியாதி, உனக்குத்தான் அடி என்று சொல்ல உன் அம்மாவுக்கு வாய் வரவில்லை. "உக்காரும்மா" என்றிருக்கிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினம் வந்து மனசிலிருப்பதைப் பேசினாளாம். இப்போது உண்மையைச் சொன்னால் அவள் கூசிப்போய் மறுபடி வாயை மூடிக்கொள்வாள் என்றாள் உன் அம்மா. அவள் பேசுவதற்காக நான் அடிக்கிறவனாக இருக்க வேண்டுமாம், நல்ல ஏற்பாடு. படியில் எதிரே வந்தால் அந்தப் பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள். நான் வேறெங்கோ பார்ப்பது போல இறங்கிப் போவேன்.

போன வாரம் அவன் வெளியூர் வேலைக்குப் போனதும் அவளையும் குழந்தையையும் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம், நம் டிரைவிங் ஸ்கூல் காரில்தான். "இவர் வண்டி ஓட்டறதுல மட்டும் தங்கம், நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்" என்று உன் அம்மா சொன்ன பிறகுதான் அந்தப் பெண் ஏறினாள். வழி முழுக்கக் கதவுப் பிடியை விடவில்லை. பஸ் ஏறும்போது உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நீங்களும் வந்துடுங்க அக்கா, எங்க அண்ணன் வீட்டுல இடம் இருக்கு" என்றாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு நான் அங்கேயே நிற்கிறேன். இந்தக் கட்டடத்து ஆட்கள் வாயிலிருந்து இத்தனை நாளில் நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது, அதுவும் என்னிடமிருந்து உன் அம்மாவைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை. "நீ முதல்ல போய்ச் சேரு" என்றாள் உன் அம்மா. காருக்குள் வந்து அழுதாள், மூக்கில் ரத்தம் வந்தது, நிற்கும்வரை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போகிறவர்கள் அதையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார்கள்.

முந்தாநாள் அவன் திரும்பி வந்தான். ஒவ்வொரு வீடாய்ப் போய்ச் சண்டை போட்டான். செயலாளர் கதவையே திறக்கவில்லை. நம் வீட்டை மட்டும் அவன் சந்தேகப்படவே இல்லை, நான்தான் அவன் ஆள் ஆயிற்றே. என் பக்கத்தில் உட்கார்ந்து, "பொம்பளைங்களே இப்படித்தான் சார்" என்று அழுதான், நான் தலையை ஆட்டினேன். பிறகு போய் நெடுநேரம் குளித்தேன்.

ஆகவே சித்தியிடம் இப்போதைக்கு எதையும் சொல்லாதே, அவள் நினைப்பதையே நினைத்துக்கொண்டிருக்கட்டும். நான் அவன் ஆள் இல்லை என்று தெரிந்தால் அவன் நேரே இங்கேதான் வந்து கேட்பான், அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கும்வரை எனக்கு இந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். நீ வேலையை விட வேண்டாம், லீவு கிடைக்கும்போது வா. நீ கேட்டதற்குப் பதில், இல்லை, அடிக்கவில்லை. ஆனால் நீ கேட்டது சரி. இந்தக் கட்டடத்தில் அந்தப் பெண்ணை ஒருத்தராவது அப்படிக் கேட்டிருக்கலாம்.

நோய் நொடி அண்டாமல் நீங்கள் இருவரும் நிறைந்து வாழ வேண்டும். வரும்போது கதவைத் தட்டு, மணி இல்லை.

இப்படிக்கு,
ஊர் வாயில் என்னவாக இருந்தாலும்,
உன் அப்பா