பதிப்புப் பக்கம்

ஜூன் 14, 1998. ஞாயிறு.

மாமனார் விட்டுப்போன பழைய நாடகப் புத்தகத்தை மாவனல்லைக்கு எடுத்துப்போனோம். விற்றுவிடலாம் என்று சொன்னவள் என் மனைவி செல்விதான்.

பழைய புத்தகம் வாங்கும் முஸ்லிம் கடைக்காரர், நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், தாளைத் தடவினார், எழுத்தைப் பார்த்தார்.

"முதல் பதிப்பு மாதிரித்தான் இருக்கு. ஆனா அதப் போட்டிருக்கிற முன்பக்கத்தக் காணமே. அது இல்லாம வெல சொல்ல ஏலாது."

"கறையான் அரிச்சிருச்சுங்க நானா," என்றேன்.

"கறையான் இவ்வளவு நேரா அரிக்காது."

ரப்பர் பால் வெட்டும் கத்தியால் நான்தான் அந்தப் பக்கத்தை அறுத்தேன்.

செல்வி பஸ்ஸில்தான் கேட்டாள். "அதுலதானே பாப்பா பேரையும் பொறந்த நேரத்தையும் எழுதுனீங்க? எங்க அது?"

"பாப்பா கையில வச்சுத்தான் புதைச்சேன்."

பதினோரு நாள் இருந்தாள். பிறப்பைப் பதிவு செய்வதற்குள் போய்விட்டாள். அவள் பெயர் வேறெங்கும் எழுதப்படவில்லை. வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. புதைக்கும் இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை; ஒன்பது வருடமாக நானும் செல்வியிடம் சொல்லவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தும் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். கை அதன்மேல்தான் இருக்கிறது. விளக்கை அணைக்க வேண்டும்.