கருத்தரங்கு வாசலில்

பூனா, 12.2.1997

அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்தோத்திரம். அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? நான் நலம். கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

போன வாரம் எங்கள் கல்லூரியில் மரபணு வரிசை பற்றிக் கருத்தரங்கு நடந்தது. துறைத்தலைவர் நம் மல்லாங்கிணற்றுக்காரர். அவர் என்னிடம் பன்னீர்ச் செம்பை நீட்டி, "நீ வாசல்ல நின்னு வாரவுகளக் கவனிம்மா. பேச்சை நாங்க கேட்டுக்கிர்றோம்" என்றார். ஆறு வருடமாக அந்தப் பாடத்தை நடத்துவது நான்! செம்பை அவர் கையிலேயே திணித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டின் மரபணு எழுத்துகள் ஒரு கோடிக்கு மேல் இருக்கின்றன, விஞ்ஞானிகள் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டார்களாம். பதினோரு பக்கம் குறிப்பெடுத்தேன். விருந்தாளிகளை வரவேற்பதிலேயே அவருக்குப் பொழுது போய்விட்டது.

மறுநாள் வந்து, "அந்த நோட்டைக் குடும்மா, நானே வகுப்புல நடத்திர்றேன்" என்றார். "வகுப்பை நான் எடுத்துக்கிர்றேன் சார்" என்று சொல்லி, நானே எடுத்தும் விட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள்.

என் மூக்குக்கண்ணாடிக்குக் கண் டாக்டர் எழுதித் தந்த சீட்டைத் தபாலில் அனுப்புங்கள். கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள் அப்பா. இங்கே என்னோடு நம்ம ஊர்ப் பேச்சுப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மணியடித்துவிட்டது.

ஜெயசெல்வி