பதுக்கல்காரன் நீட்டிய போத்தல்

இன்று காலை சந்திக் கடை வரிசையில் யாரோ போத்தலைச் சரித்துவிட்டார்கள். மண்ணெண்ணெய் மணம் எழுந்ததும் உன்மேல் கோபம் வந்தது. செத்தவனோடு கோபிப்பது விசர்த்தனம்தான். ஆனாலும் வருகிறது, மச்சான்.

நாயாற்றுக் கோயில் திருநாளுக்கு நாம் எழுதிய நாடகத்தைத்தான் சொல்கிறேன். பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயைப் பதுக்கிக் கொள்ளை விலைக்கு விற்கும் முதலாளியின் கதை. சந்திக் கடைக்காரரை மனதில் வைத்தே எழுதினோம். சனம் வயிறெரிந்து கிடந்த காலம், அவனை ஆசைதீர ஏசட்டும் என்று நினைத்தேன். முதலாளி வேடம் உனக்கென்றானதும், காய்ச்சல்காரப் பிள்ளையோடு வரும் தாய்க்கு அவன் ஒரு போத்தலைச் சும்மா கொடுக்கும் காட்சியை நீ செருகினாய்.

"பதுக்கிறவனுக்கு இரக்கத்தையும் வைச்சா சனம் ஆரை ஏசுறது?" என்று கேட்டேன்.

"ஏசட்டும். அவனும் மனுசன் எண்டு தெரிஞ்சுகொண்டு ஏசட்டும்," என்றாய். பிறகு ஒத்திகை மேடையில் தொங்கிய பெற்றோமாக்ஸ் விளக்கைக் காட்டினாய். "உது ஆற்ற எண்ணெயில எரியுது?"

கடைக்காரர் கோயிலுக்கென்று காசு வாங்காமல் தந்த எண்ணெய். திருநாளன்று அவர் முன்வரிசையில் இருந்தார். நாடகம் தன்னைப் பற்றியது என்று தெரியாமல், போத்தல் காட்சியில் சால்வையால் கண்ணைத் துடைத்தார். மறுநாளும் கடையில் அதே விலை. நான் கொதித்தேன், நீ சிரித்தாய்.

அடுத்த மாரியில் உனக்கு மலேரியா மூளைக்கு ஏறியது. புதுக்குடியிருப்பு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய கார் இருந்தது, ஊற்ற எண்ணெய் இல்லை. கடைக்காரர்தான் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடி வந்தார். காசை நீட்டினேன்.

"உந்தக் காசை வைச்சிரு தம்பி. முதல்ல பெடியனைக் கொண்டு போ."

பாதி வழியில் நீ போய்விட்டாய். உன் குழிக்கு அவரும் மண் போட்டார். அடுத்த கிழமை விலையை இன்னும் ஏற்றினார்.

இந்தத் திருநாளுக்கும் அதே நாடகம்தான் வேண்டுமாம். உன் வேடம் எனக்கு. போத்தல் காட்சியை வெட்டிவிட்டு ஒத்திகைக்குப் போனேன். முதலாளி வெறும் பொம்மையாக நின்றான். அந்த எரிச்சலோடு திரும்பவும் சேர்த்துவிட்டேன்.

இன்று என் முறை வந்ததும் கடைக்காரர் வாய் கூசாமல் விலை சொன்னார். ஏச வாயெடுத்தேன். கானோடு நனைந்து ஓடி வந்த அந்த மனிதர்தான் எதிரே நின்றார். காசையும் போத்தலையும் நீட்டினேன். ஒருவரை நிம்மதியாக வெறுக்கக்கூட விடாமல் போய்விட்டாயே, பாவி.