பெரிய ரீச்சரின் இருக்கை

என் அன்பான சரோ அக்கா,

நீங்கள் கண்மூடியது விடுமுறைக்குள். முப்பத்தோராம் நாள் கிரியையும் விடுமுறைக்குள்ளேயே முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் தொடங்கிய காலை, அன்புவழிபுரம் சந்தியில் நம் ஆசிரியைகளை ஏற்றிப்போகும் வான் வந்து நின்றபோது முன் கதவைத் திறக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. சாரதிக்குப் பக்கத்து இருக்கை, உங்களுடையது.

ஷாமினிதான் என்னைத் தள்ளிவிட்டாள். "இனி நீங்கதான் சீனியர். முன்னுக்கு ஏறுங்கோ அக்கா. எங்களுக்கும் ஒரு பெரிய ரீச்சர் வேணுமெல்லே?"

அந்தப் பெயர் உங்களுக்கு எப்போது வந்தது? நான் கட்டைபறிச்சான் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த காலத்திலேயே நீங்கள் பெரிய ரீச்சர்தான். பின்னால் இருந்த நாங்கள் உங்களுக்கு வைத்த பெயர் வேறு: ரேடியோ. சந்தியில் தொடங்கினால் பள்ளிக்கூட வாசல்வரை ஓயாத கதை. வெங்காய விலை, மருமகளின் குழம்பு, பள்ளிக்கூட அதிபரின் புதுக் கண்ணாடி. சாரதி நிஸார் நானாவும் "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்று ஓட்டிக்கொண்டு வருவார். நாங்கள் காதில் வயரை மாட்டிக்கொள்வோம்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "அக்கா, ஒரு நாளைக்காவது வாயை மூடிக்கொண்டு வந்தால் என்ன?"

நீங்கள் சிரித்தீர்கள். "முன்னுக்கு இருந்து பார், அப்ப தெரியும்."

இப்போது தெரிந்துவிட்டது அக்கா.

அன்று கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குக் கதைக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும். உப்பாறு தாண்டி நேர் ரோட்டில் சக்கரம் சரளைக் கல்லில் இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நிஸார் நானா கண்ணை மூடியிருக்கிறார், நாடி நெஞ்சில் கிடக்கிறது.

"நானா!"

அவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை வெட்டினார். பின்னால் எல்லோரும் ஒருபக்கம் சாய்ந்தார்கள்.

"என்ன, மாடா?" என்றாள் ஷாமினி.

"ஓம், மாடு" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்தார். "ஓம், மாடு" என்று நானும் சொன்னேன்.

ஷாமினிக்கு ஆறு மாதம். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "இந்த ரோட்டு மாடுகளைக் கட்டிவைக்க ஆளில்லையா" என்று மாட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நானாவைப் பிடித்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. இரவில் தம்புள்ளைக்கு மீன் லொறி ஓட்டுகிறார். மூத்த மகளுக்குக் கட்டும் வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. வீடு முடியாமல் கலியாணம் இல்லை.

"பெரிய ரீச்சருக்குத் தெரியும். அவதான் கதைச்சுக் கதைச்சு என்னை முழிக்க வைப்பா. கூரை போடுறமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதீங்க எண்டு கேட்டனான். நீங்க ஒண்டுமே கதைக்கிறீங்க இல்லயே ரீச்சர்? எனக்குப் பயமாக் கிடக்கு."

அவருக்குப் பயமாம்!

அதற்குப் பிறகு இரண்டு கிழமை உங்களைப்போல இருக்கப் பார்த்தேன். என்ன கதைப்பது என்று கொப்பியில் எழுதிவைத்துக்கொண்டு ஏறினேன். மழை, மரக்கறி, மகனின் சோதனை. வழியில் இறால்குழிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிறகு வாய்ப்பாடு தெரியாத பிள்ளைபோல முழிப்பேன். என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே இருக்கும். பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது: "இவவும் ரேடியோ ஆகிட்டா. அந்த இருக்கையில ஏதோ இருக்கு."

சேவை மூப்புப் பட்டியலில் உங்களுக்கு அடுத்த பெயர் என்னுடையது. அவ்வளவுதான் என் தகுதி. எட்டுப் பேரின் உயிரை ஒரு வாயால் காவிக்கொண்டு போவதா பெரிய ரீச்சரின் வேலை? உங்களுக்கு ஒருநாள் தொண்டை கட்டியிருந்தால்? அதை நினைக்காமலா இருந்தீர்கள்? கோபம் வருகிறது அக்கா. கோபத்தோடு அழுகையும் வருகிறது. எங்கள் பகிடியையும் கேட்டுக்கொண்டு, எத்தனை நாள் அந்தப் பயத்தோடு தனியாக இருந்தீர்கள்?

வெள்ளிக்கிழமை நானாவிடம் சொல்லிவிட்டேன். "திங்கள் எல்லாருக்கும் சொல்லப் போறன். நீங்களும் பக்கத்தில நிண்டு கேக்கவேணும்."

"அப்ப என்னை விட்டுடுவீங்களா?"

"லொறி ஓடின அடுத்த நாள் நீங்க வான் எடுக்க ஏலாது. அண்டைக்கு நாங்க பஸ்ஸில போறம். மற்ற நாளுக்கு நீங்கதான் எண்டு கேட்டுப் பாக்கிறன். அவையள் என்ன சொல்லுவினமோ, எனக்குத் தெரியாது."

அவர் வானின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். "பெரிய ரீச்சர் எண்டால் இப்பிடிச் செய்யமாட்டா."

அந்தச் சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தேன். இன்று ஞாயிறு. ஷாமினியின் புருஷன் கேட்டால் சண்டைக்கு வருவான். மற்றவர்கள் வேறு வான் பார்ப்பார்கள். நானாவின் மகளுக்குப் போடும் கூரை என்னால் நின்றுபோகலாம். இரண்டு கிழமை நானும் பொய் சொன்னேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் சொல்வேன். நாளைக்குச் சந்தியில், ஒருவரும் ஏறுவதற்கு முன், அன்று வந்தது மாடு இல்லை, நானாவின் நித்திரை என்று சொல்வேன். அதற்குப் பிறகும் இருக்கையை எனக்கே தந்தால் முன்னால்தான் இருப்பேன். கொப்பி இல்லாமல் கதைக்கப் பழகுவேன். களைத்தால் பின்னால் திரும்பி, "இனி உங்கட முறை, யாராவது கதையுங்கோ" என்பேன்.

உங்களை வாயை மூடச் சொன்ன தங்கை,
வதனி