விருந்தாளி நோட்டில் ஒரு வெற்று வரி

மேலூர் ரோடு,
ஸ்ரீரங்கம்.
ஜனவரி 20

மாண்புமிகு வருங்கால மருத்துவர் இளவேனில் அக்கா அவர்களின் சமூகத்துக்கு, அவர்களின் கட்டிலைத் தற்காலிகமாக ஆக்கிரமித்திருக்கும் தங்கை மணிமேகலை எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நலமில்லாதது உன் தலையணை மட்டும்தான். நான் அதை இரண்டாக மடித்துப் படுப்பதால் அதற்கு இடுப்பு வலி. நீ நீட்டுக்குப் படிக்கப் போனாய், எனக்கு நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது. கடவுள் இருக்கிறார்.

அம்மா தில்லை நகர் கிளினிக்கில் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டாள். ஊசிக்கு வரும் குழந்தைகளெல்லாம் அம்மா முகத்தைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிடுகின்றனவாம். நாங்கள் பதினைந்து வருஷமாக ஊசி இல்லாமலே அழுகிறோமே என்றேன். கரண்டி பறந்து வந்தது. அப்பா வழக்கம்போலக் காலையில் வேனை எடுத்துக்கொண்டு தொட்டியம் போகிறார். அங்கே வாழைத்தார் ஏற்றி, சாயங்காலம் காந்தி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, வேட்டியெல்லாம் வாழைக்கறையோடு வந்து சேருகிறார். இப்போதெல்லாம் கொஞ்சம் தாமதமாக வருகிறார். கேட்டால் லோடு தாமதம் என்கிறார்.

பொங்கலுக்கு நீ வருவாய் என்று அம்மா பச்சை மொச்சை உரித்து வைத்திருந்தாள். நீ வரவில்லை. மூன்று நிமிஷ போனில், 'சீட்டு வாங்கிட்டு வரேம்மா' என்றாயாம். தீபாவளிக்கும் இதே வசனம்தான். போன வருஷம் பதினோரு மார்க்கில் போனதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரித்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் இப்போது வேறு வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், நீ தைரியமாக வரலாம். நாமக்கல் நமக்கல்ல அக்கா. ஹாஸ்டலில் மாசக் கடைசி ஞாயிறுக்கு வெளியே விடுகிறார்களே, ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன்.

சரி, இனி தோட்ட இலாகா. நீ போனதிலிருந்து, தோட்டத்துக்கு வரும் பறவை, பூச்சிகளைப் பதியும் விருந்தாளி நோட்டை நான்தான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்பில் நீ எழுதி ஒட்டிய சட்டங்கள் அட்டையின் உள்பக்கம் அப்படியே இருக்கின்றன. தீனி வைத்துக் கூப்பிடக் கூடாது. போனில் கூவல் போட்டு ஏமாற்றக் கூடாது. படத்துக்காக ஓர் இலையைக்கூட நகர்த்தக் கூடாது. பார்க்காததை எழுதக் கூடாது. மாமரத்தடிச் சருகைக் கூட்டக் கூடாது என்பதற்காக நீயும் அம்மாவும் எத்தனை வருஷம் சண்டை போட்டீர்கள்! இப்போது நான் துடைப்பத்தைத் தொட்டாலே, 'ஏய், அக்கா இடத்துல கை வைக்காத' என்று கத்துவது அம்மாதான்.

இந்த மாத விருந்தாளிகள் படங்களோடு வருகிறார்கள். தேன்சிட்டு, அம்மாவின் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரியும் தேன்சிட்டோடு தினமும் சண்டை போடுகிறது. இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை. கண்ணாடிக்கு என் பழைய சாக்ஸை மாட்டி வைத்திருக்கிறோம். கீரி தினமும் ஏழு பத்துக்கு மதில் ஓட்டை வழியாக, பஸ்ஸை விட்டவர் மாதிரி ஓடுகிறது. செண்பகப் பறவை வாழைக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறது (கை இல்லை, ஆனால் அந்த நடை). கறிவேப்பிலையில் காக்கை எச்சம் என்று அம்மா ஒதுக்கிய இணுக்கைப் பார்த்தால், எச்சம் நகருகிறது! புழு! தின்ன வருபவர்களை விரட்ட எச்சமாக நடிக்கிறது. எங்கள் ஏமாற்றுக்காரர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டேன்.

கடைசிப் படத்தைக் கடைசியாகப் பார். உட்கார்ந்துகொண்டு பார்.

ஆம். அவரேதான். ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணிக்குக் கூவுகிறவர், மாமரத்தடிச் சருகில், காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு. போன குளிர்காலம் முழுக்க நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காத்திருந்தும் வராத அதே ஒன்பது நிறக்காரர். ஏப்ரலில் வடக்கே கிளம்பிவிடுவார் என்று உனக்கே தெரியும். அதற்குள் வந்து பார்க்க வேண்டியது உன் பொறுப்பு.

உன் அறைத்தோழி ஃபெமினாவின் அம்மா பாலக்கரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவருக்குள் இருக்கும் முறுக்கு பன்னிரண்டு. எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் இருக்கும், பயணத்தில் தேய்மானம்.

இப்படிக்கு,
பாசம் மிகுந்து வழியும்,
மேகலை


மேலூர் ரோடு,
ஸ்ரீரங்கம்.
பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு, மேகலை எழுதுவது. இந்தக் கடிதத்தில் மாண்புமிகு எல்லாம் கிடையாது. தனியாக இருக்கும்போது படி. ஃபெமினா பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை, அவள் நல்லவள்.

உன் பதில் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்லண்ட் கடிதத்தில் மடிப்பு ஓரம்வரை எழுதியிருந்தாய். அம்மா மூன்று தடவை படித்தாள். 'பாருங்க, எவ்வளவு நாளைக்கப்புறம் புள்ள சிரிச்சு எழுதியிருக்கா' என்று அப்பாவிடம் நீட்டினாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குருவிப் படத்தைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். விடியற்காலை மணி அடித்ததும் முதலில் அதன் முகத்தில்தான் விழிக்கிறாயாம். பத்தாம் வகுப்பில் நீ பள்ளியிலேயே முதலாவதாக வந்த வருஷம் அது வந்திருந்தது. போன வருஷம் அதுவும் வரவில்லை, சீட்டும் வரவில்லை. இந்த வருஷம் வந்துவிட்டது, ஆகவே சீட்டும் வந்துவிடுமாம். இனி ஒரு நாளைக்கூட வீணாக்க மாட்டாயாம், பரீட்சை முடியும்வரை வீட்டுக்கு வரமாட்டாயாம். கடைசி வரியில், 'நோட்டுல நல்ல மைல பதிவு பண்ணிடு மேகலை' என்று போட்டிருந்தாய்.

அக்கா, அது கிளி.

கொலுப் பெட்டியில் மூக்கு உடைந்து கிடந்ததே, களிமண் கிளி, அது. போஸ்டர் கலர் அடித்தேன். பறவைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, தொண்டைக்கு வெள்ளை, சிறகுக்கு நீலம், வயிற்றடியில் சிவப்பு என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன். மூக்கை ஒரு மாவிலை மறைத்தது. பீடத்தைச் சருகில் புதைத்தேன். உன் சட்டங்களில் எதெது உடைந்தது என்று நீயே எண்ணிக்கொள்.

ஆனால் நீ கண்டுபிடிப்பாய் என்றுதான் செய்தேன், சத்தியமாக. நிழலைப் பார்த்து மணி சொல்லுகிறவள் நீ. படத்தில் நிழல் வயிற்றுக்கு நேர் கீழே கிடக்கிறது, உச்சி வெயில். காலை ஆறு ஐந்து என்று எழுதினேன். அதற்குக் கால் இல்லை. கழுத்தில் ஓரிடத்தில் என் கட்டை விரல் ரேகை தெரிகிறது. நீ பார்த்த நொடியில் 'அடியே!' என்று கத்துவாய், என் காதைத் திருகுவதற்காகவே அந்த ஞாயிறு பஸ் ஏறி வருவாய் என்று நினைத்தேன். நீ வர வேண்டும் என்பதுதான் திட்டம். வேறு ஒன்றுமில்லை.

நீ நம்பிவிட்டாய். நான் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன், ஏமாந்தவரைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது இதுதான் முதல் தடவை. எங்கள் அக்கா இந்தப் படத்தை நம்ப வேண்டுமென்றால் எவ்வளவு களைத்துப் போயிருக்க வேண்டும்!

அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன், விழவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, 'சொல்லிடாதடி. பரீட்சை முடியட்டும். அதைப் புடிச்சுக்கிட்டுதான் புள்ள நிக்குது' என்றாள். சரி என்றேன். நோட்டை எடுத்தேன். தேதி எழுதினேன், நேரம் எழுதினேன், இடம் மாமரத்தடி என்று எழுதினேன். விருந்தாளி என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வாத்தியாரிடம், அப்பாவிடம், பிள்ளையாரிடம்கூடப் பொய் சொன்ன கை. உன் எழுத்துக்குக் கீழே வரமாட்டேன் என்கிறது.

அப்போதுதான் தோன்றியது, நிஜமாகவே வந்துவிட்டால் நான் எழுதியது பொய்யில்லையே என்று. மறுநாளிலிருந்து ஒன்பது காலைகள், மாமரத்துக்கு எதிரே துவைக்கிற கல்லில் உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான்! ஆறரைக்கு எழுப்பினாலே சட்டம் பேசுகிறவள்!

இப்படி ஒரு நேரம் நம் வீட்டிலேயே இருக்கிறது என்று நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? கொள்ளிடத்திலிருந்து பனி மதிலேறிக் குதிக்காமல் அப்படியே வழிந்து இறங்குகிறது. பாலத்தில் போகும் ரயில் தண்ணீருக்கு அடியில் போவதுபோலக் கேட்கிறது. வாழையிலை நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது. அடுத்த சொட்டு விழுவதற்குள் நான் ஒரு முழுக் கனவு கண்டுவிடுகிறேன். மரம் எது, பனி எது, என் முழங்கால் எது என்று பிரிக்க முடியாமல் எல்லாமே வெண்மையாக மிதக்கின்றன. நாலாவது நாள் செண்பகம் என் காலருகே வந்து நின்றது. சிவப்புக் கண்ணால் என்னைப் பார்த்து, ஆளா கல்லா என்று யோசித்து, கல்தான் என்று முடிவு செய்து, தாண்டிப் போனது. பிறந்ததிலிருந்து என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகச் சந்தேகித்ததில்லை.

ஏழாவது நாள் கறிவேப்பிலைப் புழு, கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. நடிப்பெல்லாம் முடிந்து, கறுப்புச் சிறகு ஈரமாகச் சுருங்கியிருந்தது. அது காயும்வரை ஒன்றுமே செய்யாமல் தொங்கியது. நானும் ஒன்றுமே செய்யாமல் பார்த்தேன். வெயில் மதிலுக்கு மேல் வந்ததும் ஒரு தரம் விரித்தது, மூடியது, போய்விட்டது. கேமரா என் மடியிலேயே இருந்தது அக்கா. எடுக்கத் தோன்றவில்லை. நோட்டில் எழுதியிருக்கிறேன், படம் இல்லாமல்.

ஆறுமணிக்குருவி வரவில்லை. ஒன்பது நாளும் ஆறு மணி மட்டும் வந்தது.

போன வாரம் ஃபெமினாவுக்குக் காய்ச்சல் என்று அவள் அம்மா அங்கே வந்தாரல்லவா, திரும்பும் வழியில் நம் வீட்டில் இறங்கினார். 'உங்க பொண்ணு பாதி சோறுதான் திங்குதாம். ராத்திரி தூக்கமும் இல்ல. பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டே உக்காந்திருக்குன்னு ஃபெமினா அழுவுதுங்க' என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, நேராக என்னிடம் வந்தாள். 'எழுதுடி. உள்ளத உள்ளபடி எழுது' என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஒன்பதாவது நாள் காலை அப்பா பல் துலக்கிக்கொண்டே வந்து கல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். திட்டவில்லை. 'தொட்டியத்துல தார் வெட்டி முடிக்கிற வரைக்கும் சும்மாதானே நிக்கணும், அப்படியே நாமக்கல் வரைக்கும் போயிட்டு வருவேன்' என்றார். எதற்கு என்றேன். உங்கள் ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரே ஒரு புளியமரம் இருக்கிறதாமே. அதன் நிழலில் வேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாராம். மத்தியானம் சாப்பாட்டுக்கு நீங்கள் வரிசையாகப் போவீர்களாம். 'மூணாவது வரிசைல வரும். புஸ்தகத்தப் பாத்துக்கிட்டே நடக்கும். ஒரு நா கல்லு தடுக்கிச்சு, விழல' என்றார். தீபாவளியிலிருந்து எத்தனை தடவை என்று கேட்டேன். 'வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு' என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்க எழுந்து போனார்.

வராதீங்கப்பா என்று நீ சொன்னாயல்லவா, அதனால்தான். தீனி வைக்காமல், கூப்பிடாமல், ஓர் இலையைக்கூட அசைக்காமல் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அது குருவிக்குப் போட்ட சட்டம்ப்பா, பெத்த பிள்ளைக்கு இல்ல என்று கத்திவிட்டேன். அதோடு எல்லாக் குருவிகளும் பறந்துவிட்டன.

பெட்டி மூடியில் இருப்பதைக் கிழித்துவிடுவாயோ, வைத்துக்கொள்வாயோ, உன் இஷ்டம். நீ எடுக்கப் போகும் மார்க் கிளிக்கும் தெரியாது, குருவிக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரிய வேண்டிய அவசரம் இல்லை. பரீட்சை எழுதினாலும் சரி, எழுதவே முடியவில்லை என்றாலும் சரி, நீ வந்தால் போதும். இதை அம்மா சொல்லச் சொன்னாள். சொல்லும்போது அவள் மொச்சை உரிக்கவில்லை, சும்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வருகிற சனிக்கிழமை அப்பா வேனோடு வருகிறார். இந்தத் தடவை புளியமரத்தடியில் நிற்கமாட்டார். வார்டனிடம் கையெழுத்துப் போட்டு, உள்ளே வந்து உன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விட்டுவிடுவதாகவும், நீ கேட்டால் விடாமலே இருப்பதாகவும் கொடுத்திருக்கிறார். வேனில் வாழைச்சருகு வாசம் அடிக்கும், ஜன்னல் பக்கம் உட்கார்.

என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும், கோபமாகவே வா. முசிறி தாண்டுவதற்குள் அப்பாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தீர்த்துவிடாதே, வீட்டு வாசலில் அம்மாவைப் பார்த்ததும் மறந்துவிடாதே. ஒரு வார்த்தை குறையாமல் எடுத்துக்கொண்டு வா. எல்லாத் திட்டும் எனக்கே வேண்டும்.

உன் தங்கை,
மணிமேகலை