தாள் திருப்பிய கை

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் வேலை பார்க்கும் விடுதிப் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிய பியானோப் பதிவைக் கேட்கும்போது கூடத்தில் இருந்தவர்கள் நான், நம் குட்டி, உங்கள் அக்கா, பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவர். வேறு யாரும் இல்லை. கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் நலம். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது.

போன நூற்றாண்டுக்காரர்கள் எழுதியவற்றில் உங்களுக்குப் பிடித்த மூன்று பாட்டுகளும் வரிசையாக வந்தன. முதல் பாட்டு நாலே சுரங்களைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கேட்டு, "இதை எழுதின மனுஷனுக்கு வேற சுரமே தெரியாதா?" என்று உங்கள் அக்கா வழக்கம்போலக் கேலி செய்தார். கடைசிப் பாட்டின் நடுவே வரும் நீண்ட மௌனத்தில், முடிந்துவிட்டதென்று நினைத்துச் சுருதிக்காரர் கைதட்டிவிட்டார், பாவம்.

இரண்டு கைகளும் சண்டை போட்டுக்கொள்ளும் அந்த இரண்டாவது பாட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். அது முடிந்ததும் குட்டி, "அப்பா எங்கயும் நிக்கவே இல்லம்மா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது உறுத்தியது.

அதில் முதல் தாள் முடியும் இடத்தில் உங்கள் இரண்டு கைகளுக்கும் ஓய்வில்லை. அதற்காகவே நான் யாரிடமும் போகாமல் சுரக்குறி படிக்கக் கற்றுக்கொண்டு, உங்கள் பக்கத்தில் நின்று தாள் திருப்பினேன். நான் அடுப்படியில் இருந்தால், வாசிப்பை நிறுத்தி நீங்களே புரட்டுவீர்கள். தாளைப் பார்க்காமல் வாசிக்க உங்களுக்கு வராது. பதிவில் தாள் புரளும் சத்தம் கேட்கிறது. கை நிற்கவில்லை. நீங்களோ, பள்ளிக்கூட இசையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக் கணக்கு கொஞ்சம் உதைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. இது எப்படி இறங்கும்?

உங்கள் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "விடுதிப் பிள்ளைங்க யாராவது திருப்பியிருப்பாங்க. சும்மா துருவாத" என்றார். அப்படியானால் அதை எழுதுவதில் என்ன தடை? சுருதிக்காரரையும் கேட்டேன். அவர் ஏற்கெனவே முறுக்கிய ஆணியை மறுபடி முறுக்கினார்.

திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். நான் எப்போதும் சற்றுத் தாமதமாகத் திருப்புவேன், நீங்கள் முறைப்பீர்கள். இந்தக் கை ஒரு நொடி முந்தித் திருப்புகிறது. நீங்கள் தலையசைக்கக் காத்திருக்கவில்லை. உங்களோடு பலநாள் பழகிய கை அது.

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். காலையிலும் மாலையிலும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கடவுள் உங்கள் கைகளை நன்றாக வைத்திருக்கட்டும்.

பியானோ இப்போது நல்ல சுருதியில் இருக்கிறது. பக்கத்தில் நான் நிற்கும் இடத்தில் எதையும் வைக்கவில்லை. தாளைத் திருப்பியது யார் என்று மட்டும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி